குழம்புக்கு வெட்டிய இருதயம்

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில் உயிரியல் வகுப்பு நடக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், எல்லாருமே எங்கள் ஜெபக்கூட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஏழு பேர் வருவார்கள். முதலில் ஜெபம், பிறகு ஒரு வசனம், அப்புறம் பாடம். பாடம் எடுப்பது என் மனைவி. அவள் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வளைகுடாவில் நாங்கள் குடியிருக்கும் அப்பாசியாவிலேயே ஒரு பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், வேலை செய்கிறேன். வகுப்பில் என் வேலை, பாய் விரிப்பது, டீ போடுவது, பிள்ளைகளின் செருப்புகளை வாசலில் விடாமல் உள்ளே எடுத்து வைப்பது. வாசலில் அத்தனை செருப்பைப் பார்த்தால் ஹாரிஸ், கட்டடத்துக் காவல்காரர், இங்கே என்ன கூட்டம் என்று கேட்பார். அவர் கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டுக்காரர்தான் ஜெபம் செய்து தொடங்கி வைக்க வேண்டும் என்பது கூட்டத்தின் வழக்கம். அதற்கே நான் வியாழக்கிழமையிலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குவேன். மூன்று வாக்கியம் சொல்லி ஆமென் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன்.

அந்த வகுப்பு நின்றுவிடக் கூடாது என்பதில் எனக்கு ஒரு சுயநலம் இருந்தது. என் மகளுக்குப் பத்தாம் வகுப்பில் மார்க் கொஞ்சம் குறைந்துவிட்டது. இங்குள்ள பள்ளியில் சயின்ஸ் குரூப் தர மாட்டோம், காமர்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் நர்ஸிங்காவது படிக்க வேண்டும் என்று இருப்பவள். அதனால் வீட்டில் உட்கார்ந்து படித்தாள். என் மனைவி முடிவாகச் சொல்லியிருந்தாள், இந்த ஏற்பாடு சரிப்பட்டு வந்தால் பார்ப்போம், வகுப்பு நின்றுபோனால் மகளை ஊருக்கு அனுப்பி நாகர்கோவிலில் ஹாஸ்டலில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று. அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஏழு தலையும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பிரச்சினை ஒரு அம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு இன்ஜினியரின் மனைவி. இரண்டு பையன்கள். அவர்கள் காரில்தான் வேறு இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் நின்றால் நான்கு பேர் போனார்கள், வகுப்பும் போனது. கூட்டம் முடிந்து எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போது அந்த அம்மா என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சிஸ்டர், ஜெபம் நல்லா நடக்குதுன்னு பசங்க சொல்றாங்க. பாடம் நடக்குதான்னுதான் தெரியல."

என் மனைவி கோபப்படவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்கள், ஆட்டு இருதயத்தை அறுத்துக் காட்டப் போகிறேன் என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், யாரோ லீவு போட்டதால் அவளை டூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வகுப்பைத் தள்ளி வைக்கலாமே என்றேன். தள்ளி வைத்தால் அந்த அம்மா சொன்னது உண்மை என்று ஆகிவிடும் என்றாள். சேலையை மடித்து வைத்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டே, நீங்கள் இருதயத்தை வாங்கி வைத்துவிடுங்கள், என்ன சொல்ல வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன், அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்றாள். நானா என்று கேட்டேன். வேறு யார் என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் வாடிக்கையாகக் கறி வாங்கும் கடையில் ஒரு பங்களாதேஷ்காரர் இருக்கிறார். நாலு இருதயம் வேண்டும் என்றேன். உன் வீட்டில் யாருக்குமே இதயம் கிடையாதா பாய் என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்த நேரம் பார்த்து மெசேஜ் வந்தது. கடைக்கு வெளியே நின்று காதில் வைத்துக் கேட்டேன். இடது பக்கம், வலது பக்கம், மேலறை, கீழறை, கதவு, நரம்பு போல இழைகள் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். முதல் பகுதி மனதில் நிற்பதற்குள் கடைசிப் பகுதி வந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைக்காரர் கூப்பிட்டு, கட்டி வைத்திருந்த கறுப்புக் கவரைக் கையில் கொடுத்து, தொழுகைக்கு நேரமாகிவிட்டது, யல்லா, கிளம்பு, என்று ஷட்டரை இறக்கினார்.

வீட்டுக்கு வந்து தட்டில் கொட்டினேன். எல்லாம் துண்டு துண்டாக விழுந்தது.

இத்தனை வருடமாக அவரிடம் நான் கறி வாங்குகிறேன். என்ன வாங்கினாலும் குழம்புக்கு ஏற்ற மாதிரி வெட்டி, கழுவிக்கூடக் கொடுப்பார். வெட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. நான்கு இருதயமும் ஒரே குவியலாகக் கிடந்தன. அந்தப் பகுதியில் எல்லாக் கடையையும் தொழுகைக்காக அடைத்திருந்தார்கள். மகள் எட்டிப் பார்த்தாள். நாகர்கோவில் ஹாஸ்டல் கட்டில்கூடக் கண்ணில் தெரிந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். அந்த அம்மாவும் வந்து சோபாவில் ஓரமாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். செருப்புகளை உள்ளே எடுத்து வைத்தேன். ஜெபம் செய்தேன். வழக்கமான மூன்று வாக்கியத்தில் இரண்டாவது மறந்துவிட்டது. வசனத்தை ஒரு பிள்ளை வாசித்தாள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நானாகச் சொன்னால் தப்பாகிவிடும் என்று பயந்து, ஆன்ட்டி பேசுவதை நீங்களே கேளுங்கள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். இருதயத்துக்கு நாலு அறை என்று அவள் குரல் நன்றாகத்தான் தொடங்கியது. கடை வாசலில் அவசரத்தில் எத்தனையோ முறை கேட்டும், இடையில் அவள் எனக்கென்று சொன்ன வார்த்தை என் நினைவில் இல்லாமல் போய்விட்டது.

"பயப்படாதீங்க. அந்த அக்கா முகத்தை மட்டும் பாக்காதீங்க, பாத்தா உங்களுக்குப் பேச்சு வராது."

இன்ஜினியர் வீட்டுப் பையன்களில் சின்னவன் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். போனை அணைத்தேன். அந்த அம்மாவின் முகத்தை அப்போதும் நான் பார்க்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அடுக்களைக்குப் போய்த் தட்டை எடுத்து வந்து நடுவில் வைத்தேன்.

"அங்கிள், இது குழம்புக்கா?" என்றான் பெரியவன்.

நான் கடையில் நடந்ததைச் சொன்னேன். அப்போது என் மகள் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து அம்மாவின் கிளவுஸை மாட்டிக்கொண்டாள். ஒரு தடித்த துண்டையும் ஒரு மெல்லிய துண்டையும் எடுத்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளின் கையில் கொடுத்து, ஏன் இப்படி வித்தியாசம் என்று கேட்டாள். பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்குப் பாதி புரிந்தது. தடித்தது உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் பக்கம், மெல்லியது பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுவது என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு எல்லாரும் தரையில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்து ஒரு முழு இருதயம் பண்ணப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. சண்டை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கைப்பையைச் சோபாவில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தார். "அது வேற ஆட்டோடதுடா, அளவைப் பாரு," என்று மகனை அதட்டினார்.

கடைசியில் ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டாள். வேதத்தில் இருதயம் நினைக்கிறது, கலங்குகிறது என்றெல்லாம் வருகிறதே, இங்கே பார்த்தால் வெறும் பம்பு மாதிரி இருக்கிறது, எது சரி என்று. எனக்குத் தெரியாது மக்ளே, ஆன்ட்டி வரட்டும் என்றேன். பிள்ளைகள் அதற்கும் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் டீ போடுகிற தெம்பு வந்தது.

டீ குடித்து முடித்து, பையன்களைச் செருப்புப் போடச் சொல்லிவிட்டு, அந்த அம்மா அடுக்களை வாசலுக்கு வந்தார். என் மகள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிரதர், எங்க பசங்க வருவாங்க. அதுல இனிமே பேச்சில்லை," என்றார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அவர், "ஆனா உங்க பொண்ணை ஏன் இங்க உக்கார வச்சிருக்கீங்க? இவ பள்ளிக்கூடத்துல இருக்க வேண்டியவ," என்றார். அவருடைய தங்கை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராம். சயின்ஸ் குரூப்பில் இப்போதும் சேர்க்க முடியும், கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மகள் வேண்டாம் என்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் குழாயை மூடினாள்.

"ஹாஸ்டல் உண்டா ஆன்ட்டி?"

அவள் கேட்டது அவ்வளவுதான். இத்தனை மாதமாக அந்தச் சொல்லைக் கேட்டால் நான் பதறுவேன். அவள் வாயில் அது நாளை வருகிற விருந்தாளியின் பெயரைப் போல வந்தது.

எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டினேன். போக வேண்டும் என்று இருந்தால் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே மக்ளே என்று கேட்டேன். அவள் கழுவிய தட்டைத் துடைத்து வைத்தாள்.

"அம்மாவுக்கு டூட்டி இருக்கு. உங்களுக்கு யாருப்பா இருக்கா?"

நான் சுருட்டின பாயைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எனக்காக அவள் இருந்திருக்கிறாள். அவளுக்காக என்று நினைத்துக்கொண்டு நான் வாராவாரம் தலைகளை எண்ணியிருக்கிறேன். போய் வா என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. பாயைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

"அந்த ஆன்ட்டிகிட்ட அவங்க தங்கச்சி நம்பர் கேட்டு வாங்கணும்," என்றேன்.

"வாங்கிட்டேன்பா," என்றாள்.