குடிக்காத ஓடக்காரர்

கொள்ளிடத்துத் திட்டு ஒன்றில் ஐந்து வருஷம் டீச்சராக இருந்தேன். காலையில் கரையிலிருந்து படகில் போய், மாலையில் அதே படகில் திரும்ப வேண்டும். ஓடக்காரர் தங்கமான மனுஷன், காலையில் மட்டும். அரசாங்கம் சாராயக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. குடித்துவிட்டுப் படகு ஓட்டினால் குத்தகை ரத்து என்று துறை ஏலத்தில் படகுக் குத்தகைக்கு நிபந்தனை போட்டதும் அதே அரசாங்கம்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது.

அந்த ஐப்பசியில் எனக்கு ஏழு மாதம். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. ஒரு மாலை, நடு ஆற்றில் ஓடக்காரரின் கழி கைநழுவிப் போய்விட்டது. படகு ஒரு சுற்றுச் சுற்றி, ஓரமாக இழுபட்டு நாணல் புதரில் மோதியது. வெளியே சரியப்போன என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள் ஒரு நடவுக்காரி. கரையில் நடக்கும் விவசாயக் கூலிகள் சங்கக் கூட்டத்துக்காகத் திட்டிலிருந்து வந்துகொண்டிருந்தவள். அவள் மகள் என் வகுப்பில் படித்தாள்.

"ஒண்ணும் ஆகல டீச்சர், பயப்படாதீங்க" என்று ஓடக்காரர் சிரித்தார். சாராய வாடை முகத்தில் அடித்தது. அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே, கரையில் வயலெல்லாம் வைத்திருந்த மிராசுதாரின் காரியக்காரர் வீடு தேடி வந்தார். "ஓடக்காரன் மேல ஒரு மனு எழுதிக் குடுங்க டீச்சர். படிச்சவங்க கையெழுத்துன்னா தாசில்தார் தட்டமாட்டார்" என்றார். என் வயிற்றுப் பிள்ளைமேல் மிராசுதாருக்குத் திடீரென்று பாசம் பொங்கிய காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. கூலி உயர்வு கேட்டுத் திட்டு ஜனங்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவர் வெளியாட்களை இறக்கி நடவு செய்யப் பார்த்தார். இவர்கள் தினமும் படகேறி வந்து வயலில் நின்று மறித்தார்கள். படகு நின்றால் மறியலும் நின்றுவிடும்.

விஷயம் தெரிந்து நடவுக்காரி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"அவரு குடிக்கிறது தப்புதான் டீச்சர். ஆனா இப்ப எழுதாதீங்க. நடவு முடியட்டும். எங்களை ஏத்துறவரு அவரு ஒருத்தருதான்."

"எம்பிள்ளை போயிருந்தா உங்க சங்கம் திருப்பிக் குடுத்துருக்குமா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் மனு எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்றுவரை எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குத்தகை ரத்தானது. புது ஓடக்காரர் மிராசுதாரின் ஆள். நெற்றி நிறையத் திருநீறு, வெற்றிலைகூடப் போடமாட்டார். பழைய கூலிக்கே வேலைக்கு வர ஒப்புக்கொண்டவர்களை மட்டும் ஏற்றினார். மற்றவர்கள் திட்டிலேயே கிடந்தார்கள். கரையில் நடவு ஜோராக நடந்தது.

நடவுக்காரியின் மகள் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, நான் படகில் உட்கார்ந்திருக்கும்போது, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் துறைக்கு ஓடிவந்தாள். பிள்ளைக்குக் கண் திறக்க முடியாத ஜுரம். ஆஸ்பத்திரி கரையில்தான் இருந்தது.

"உன் புருஷன் ஐயாகிட்ட வந்து ஒத்துக்கட்டும், அப்பறம் ஏறு" என்றார் ஓடக்காரர்.

"நீயெல்லாம் மனுஷனாய்யா? ஏத்துய்யா அவளை!" என்று நான் எழுந்து கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. மரியாதையாகக் கைகூப்பினார். "உங்க மனுவாலதானே டீச்சர் இந்தத் துறையே எங்க கைக்கு வந்துச்சு. நீங்க சொல்லி ஏத்தாம இருப்பேனா? ஏறும்மா."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். ஏறினாள். நான் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அந்தக் கோடியில், படகின் அடிப்பலகையில் உட்கார்ந்தாள்.

"பிள்ளையை எங்கிட்ட குடு" என்று கை நீட்டினேன்.

"வேணாம் டீச்சர்."

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன். படகு துளிகூட ஆடாமல் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.