பின்பக்கமாக ஓடிய கார்

தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டிய இந்திரகுமாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலை விட்டு இறங்கிவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். வீட்டிலிருந்து யாரும் பின்னால் கூப்பிடவும் கூடாது. அவன் சம்சாரம் நிரஞ்சனி சாப்பாட்டுப் பார்சலைக் கொடுக்க மறந்த நாளில்கூட, மகள் கிருஷாந்தினி குறுக்கு வழியாக ஓடி, முன்னால் போய் நின்றுதான் கொடுப்பாள். டிரைவர் வீட்டுச் சட்டம் அது. அதனால் அப்பா வேலைக்குப் போகும்போது அந்தப் பிள்ளை பார்த்ததெல்லாம் அவனுடைய முதுகைத்தான்.

போன வருஷத்து மழையில், பலாபத்வலைக்கு இந்தப் பக்கம், கொழுந்து ஏற்றிய லொறி நடுவழியில் நின்றுபோனது. என்னவென்று பார்க்க இறங்கினான். மேலே இருந்த மண்மேடு அவன்மேல் சரிந்தது. லொறிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

கிருஷாந்தினி எட்டாம் வகுப்பு. அப்பா போனபிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. பேச்சும் குறைந்துபோனது. வகுப்பில் பக்கத்தில் இருக்கிற றிஸ்னாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். மாத்தளை டவுனில் பள்ளிக்கூடங்களுக்கு சோலார் கார் போட்டி என்று விஞ்ஞானம் படிப்பிக்கும் லெட்சுமணன் சேர் வந்து சொன்னபோது, இரண்டு பெயரையும் கொடுத்தவள் அவள்தான்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி சின்ன மோட்டரும் சோலார் தகடும் கொடுத்தார்கள். கார் உடம்பை மட்டும் பிள்ளைகள் செய்ய வேண்டும். ஒரு நிபந்தனையும் இருந்தது: காரில் ஓட்டுநர் ஒருவர் இருக்க வேண்டும். மற்றவர்கள் பொம்மை வைத்தார்கள். கிருஷாந்தினி அப்பாவின் பாஸ்போட் சைஸ் படத்தை மட்டையில் ஒட்டி, காரின் முன்பக்கம், முன்னால் பார்க்கிற மாதிரி நிறுத்தினாள்.

அதைப் பார்த்த நிரஞ்சனி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துப்போன மனுசன் படத்த வெளையாட்டுச் சாமான்ல ஒட்டுவாங்களா, புள்ள?"

"வெளையாட்டு இல்லம்மா. டிரைவர் வேணுமாம்."

நிரஞ்சனி படத்தை ஒருமுறை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்: "ஒட்டுனா ஒட்டிக்க. ஆனா வழியில நிக்கக் கூடாது. அவர மறுபடியும் நடுவழியில நிக்க வச்சுப் பாக்க என்னால ஏலாது."

பரிசு வேண்டாம், பேர் வேண்டாம், கார் கடைசிக் கோட்டைத் தொட்டால் போதும். அன்றிலிருந்து கிருஷாந்தினிக்கு அது ஒன்றுதான் கவலை.

அவர்கள் லயம் மலைக்கு மேற்கே அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. காலைச் சூரியன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே சோம்பல்படும். மலையைத் தாண்டி அது வருவதற்குள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும். ஆகவே பள்ளி விட்டு வந்து, பின்னேர வெயிலில்தான் வாசல் சிமெந்துத் தரையில் காரை ஓட்டிப் பார்த்தார்கள். எதிரே மேற்கில் வெயில். தகட்டை முன்பக்கமாகச் சாய்த்து வைத்ததும் கார் பறந்தது. சேரும் ஒரு பின்னேரம் வந்து பார்த்து, நல்லது என்றார். றிஸ்னா அந்தச் சாய்விலேயே தகட்டைக் கம் பசை போட்டு ஒட்டி இறுக்கிவிட்டாள். கல்லால் தட்டினாலும் கழலாது என்று பெருமை வேறு.

போட்டி காலையில் நடந்தது. வேலைக்குப் போகாமல் நிரஞ்சனியும் வந்திருந்தாள். மைதானத்தில் பலகை போட்டு, மேற்கு நோக்கி நீளமாகத் தடம் அமைத்திருந்தார்கள். ஓட்டத்துக்கு முன் ஒருமுறை சோதிக்கலாம் என்றதும் றிஸ்னா காரைத் தடத்தில் வைத்தாள். அசையவில்லை. லேசாகத் தள்ளினாள். கொஞ்சம் உருண்டு நின்றுவிட்டது. நிரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிருஷாந்தினி காரின் பக்கத்தில் குனிந்தாள். வயர்களைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தன. அப்போதுதான் தன் நிழல் கண்ணில் பட்டது. லயத்து வாசலில் காரை விடும்போது நிழல் எப்போதும் முதுகுக்குப் பின்னால் விழும். இங்கே முன்னால் நீண்டு கிடந்தது. வெயில் பின்னாலிருந்து வருகிறது. தகடோ முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறது. காலை வெயிலையே காணாத லயத்தில், அது எந்தப் பக்கமிருந்து வரும் என்று யார் யோசித்தார்கள்?

றிஸ்னா தகட்டைப் பெயர்க்கப் பார்த்தாள். விளிம்பில் விரிசல் விடுகிற சத்தம் கேட்டது.

"கழட்டாத," என்றாள் கிருஷாந்தினி. "காரத் திருப்பி வைப்போம். மோட்டர் வயர் ரெண்டையும் மாத்திக் குடுத்தா பின்னுக்கு ஓடும்."

சேர் நடுவரிடம் போய் சிங்களத்தில் கேட்டுவிட்டு வந்தார். எந்தப் பக்கம் முன்னால் போக வேண்டும் என்று விதியில் ஒன்றும் இல்லையாம்.

வயரை மாற்றிக்கொண்டே றிஸ்னா தயங்கினாள். "அப்ப உங்கப்பா பின்னுக்குப் பாத்துக்கிட்டு தானே போவாரு. அம்மாக்கிட்ட ஒரு வார்த்த கேளு, கிருஷா."

கிருஷாந்தினி போய்ச் சொன்னாள். நிரஞ்சனி திருப்பி வைத்த காரையும், அதிலிருந்து தன்னையே பார்க்கிற படத்தையும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"போகட்டும்," என்றாள்.

கொடி இறங்கியது. கார் கிளம்பியது. தொடக்கக் கோட்டில் நின்ற தாயையும் மகளையும் பார்த்தபடியே இந்திரகுமார் விலகிப் போனான். பாதித் தடத்தில் மேகம் வந்து வெயிலை மறைத்தது. எல்லாக் கார்களும் தளர்ந்தன. அவர்களுடையது ஊர்ந்தது; பிறகு ஊர்வதும் தெரியவில்லை. நிரஞ்சனியின் விரல்கள் மகளின் தோளில் அழுந்தின. மழைதான் இரக்கமில்லாமல் போயிற்று, அந்த மேகத்துக்காவது கொஞ்சம் இருந்தது, நகர்ந்து கொடுத்தது. கார் மெல்ல உருண்டு, கடைசிக்கு முந்தியதாகக் கோட்டைத் தாண்டியது.

நிரஞ்சனியின் கை பாதி உயர்ந்து நின்றது. கல்யாணமான நாள் முதல், கையாட்டி வழியனுப்ப ஆசைப்பட்டும் அவள் அடக்கி வைத்த கை அது.

"ஒரு நாளும் திரும்பிப் பாக்காத மனுசன்," என்றாள். "இன்னைக்கு நம்மளப் பாத்துக்கிட்டே போனாரு."

கிருஷாந்தினி அப்போதுதான் அழுதாள். றிஸ்னா போய்க் காரைத் தூக்கி வந்து, ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் நின்றாள்.