கேமராவுக்குப் பின்னால் இருந்த இருட்டு

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும்; வாய் திறக்காது. யாருக்கும் பயன்படாத இந்தக் கோபத்தோடுதான் தி.நகரில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில், கணினிக் காட்சிகளுக்கு வெளிச்சம் அமைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரே டிரேசிங் செய்யும் புது கிராஃபிக்ஸ் கார்டு கணினிக்கு வந்த அன்று முதலாளி அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தார். ஒளி எதில் பட்டு எங்கே தெறிக்கும் என்பதை அந்தக் கணமே கணக்கிட்டுக் காட்டிவிடுமாம். "இனிமே வெளிச்சம் தானா வரும்" என்றவர், என்னோடு அதே வேலை பார்த்த பட்டினப்பாக்கத்துப் பெண்ணை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பொட்டும் என் மூக்கும் ஒரே நிறத்தில் இருந்தன.

முதல் வேலை ஒரு நகைக்கடை விளம்பரம். திரையில் தங்க ஆரம் கரி பூசியதுபோல் கிடந்தது. ஒன்றும் புரியாமல் அவளுக்கு போன் போட்டேன்.

"கேமராக்குப் பின்னாடி இன்னா கட்டி வச்சிக்கீற?"

"ஒண்ணுமில்ல. காட்சியில கேமரா பாக்காத பக்கத்த நாம எப்பவுமே கட்ட மாட்டோமே."

"அதான் மச்சி. முன்னாடி மினுமினுப்ப நாமளே ஒட்டுவோம். இப்ப தங்கம் எதிர்ல கீறதத்தான் காட்டும். எதிர்ல இருட்டு. ஒரு கடையவே கட்டு, வெள்ளச் செவுரு, லைட்டு எல்லாம் வையி. மூக்கு இப்போ தக்காளியாட்டம் கீதா?"

இருந்தது. கட்டினேன். ஆரம் ஜொலித்தது.

பார்க்க வந்த நகைக்கடை அண்ணாச்சி, "இப்பம்லா இது தங்கம்!" என்றார்.

"எல்லாம் கார்டோட மகிமை அண்ணாச்சி" என்றார் முதலாளி, கூச்சமே இல்லாமல்.

மூக்கோடு நிற்கும் கோபம் அன்று கைக்கு இறங்கியது. கேமராவுக்குப் பின்னால் கட்டிய கடையை ஒரே விசைத் தட்டலில் அழித்தேன். ஆரம் மறுபடி கறுத்தது.

"என்னவே ஆச்சு?"

"கடையைக் கட்டச் சொன்னது கார்டு இல்ல அண்ணாச்சி. சார் வேலைய விட்டு அனுப்புன பொண்ணு." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கொஞ்சம் கீச்சென்றும்.

"அப்பம் அந்தப் பிள்ளையக் கூப்பிடும்!"

முதலாளி ஸ்பீக்கரில் கூப்பிட்டார். "நாளைக்கே வந்துடும்மா."

"கார்டாண்ட கேளுங்க சார். அது வரச் சொன்னா வர்றேன்." வைத்துவிட்டாள்.

கடையைத் திருப்பிக் கொண்டுவந்தேன். ஆரம் மின்னியது, அதை யாரும் பார்க்கவில்லை. அண்ணாச்சி முதலாளியைப் பார்த்தார், முதலாளி என்னை முறைத்தார்.

அவள் வரவில்லை. அவளுடைய நாற்காலியில் இப்போது அந்தக் கார்டு வந்த காலி அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. தினமும் அதன் பக்கத்தில்தான் நான் மூக்கைச் சிவக்கவைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன்.