வண்டி அடுக்கியவள்

தச்சுப் பட்டறையில் எல்லாரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கொழுந்தன் ஆரம்பித்துவைத்தான். பாலீஷ் போடுகிறவர், பலகை இறக்குகிற லாரிக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளி வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். அண்ணி என்று சொல்லிவிட்டால் மரியாதை கொடுத்தாகிவிட்டது, அதற்குமேல் ஒன்றும் கொடுக்கவேண்டாம் என்பதில் ஒரு வசதி இருக்கிறதல்லவா?

பட்டறை அண்ணன் தம்பி இருவருடையது. அண்ணன், அதாவது அவள் புருஷன், கையால் வேலை செய்வார். தம்பி வாயால் செய்வான். அவள் பதினோரு வருஷமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஏற்றுவது என்றால் தூக்கிப் போடுவது என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வந்து பார்த்திருக்க வேண்டும். அன்றைய வேலைச் சீட்டை அவள் கீழிருந்து மேலாகப் படிப்பாள். கடைசியில் வேண்டிய பாலீஷ் டப்பாவும் தூசி உறிஞ்சும் மெஷினும் முதலில் ஏறி உள்ளே போகும். போனதும் கையில் எடுக்கவேண்டிய டேப், ரசமட்டம், டிரில்லிங் மெஷின் எல்லாம் பின்கதவை ஒட்டி நிற்கும். ரம்ப மேஜை சக்கரங்களுக்கு நடுவில், தரையோடு பட்டை போட்டு இறுக்கியிருக்கும். உளி முனைகளுக்குப் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய உறை. ஸ்குரூ டப்பா ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதில் ஒன்றை வெளியே ஒட்டிவைத்திருப்பாள். எந்த டப்பாவையும் திறந்து பார்த்துத் தேடவேண்டிய வேலையே கிடையாது.

ஒருநாள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை நூலக அலமாரி விஷயமாகப் பட்டறைக்கு வந்தார். திறந்திருந்த வேனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! இதை யாரு அடுக்கினது?"

"அது நம்ம சிஸ்டம் மேடம்" என்றான் கொழுந்தன். "நான் வருஷக்கணக்கா யோசிச்சு உண்டாக்கினது. அண்ணி சும்மா எடுத்துக் குடுப்பாங்க, அவ்வளவுதான்."

இரண்டடி தள்ளி அவள் புருஷன் இழைப்புளியின் வாயில் சிக்கிய சீவலை ஊதிக்கொண்டிருந்தார். ஊதியவர் ஊதியபடியே இருந்தார். கொழுந்தன் பேசியதைவிட இந்த மனுஷன் பேசாததுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் கேட்டேவிட்டாள். "தம்பி, அந்த சிஸ்டத்தை நீங்க எப்ப யோசிச்சீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவனுக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "சாமான் ஏத்துறது எல்லாம் ஒரு வேலையா அண்ணி? இதுக்கு ஒரு சண்டையா? நாளையிலேருந்து அண்ணனே ஏத்தட்டும். நீங்க வண்டிப் பக்கமே வராதீங்க."

நாலு நாள் புருஷன் ஏற்றினார். நாலு நாளும் வேலை இடத்துக்கு முக்கால் மணி தாமதம்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூட வேலை. பள்ளிக்கு ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அதற்குள் நூலகம் முழுக்க அலமாரி பொருத்திவிடவேண்டும். பள்ளி வாசலில் வண்டி அரை மணிதான் நிற்கலாம். கொழுந்தன் நேராக அங்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"உங்களுக்கு இடுப்பு வலி. போய்க் குளிங்க, நான் ஏத்துறேன்" என்றாள் புருஷனிடம். அவர் நன்றியோடு போனார், பாவம்.

அன்று சீட்டை மேலிருந்து கீழாகப் படித்தாள். டேப், ரசமட்டம், டிரில்லிங் மெஷின் மூன்றும் முதலில் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போயின. அதை அடைத்துக்கொண்டு ரம்ப மேஜை. அதன்மேல் பலகைகள், முன்னால் கிளாம்புகள், கடைசியாகக் கதவை ஒட்டிப் பாலீஷ் டப்பாக்கள். ஒரு சாமான் குறையவில்லை. ஒன்றிலும் கீறல் விழாதபடி போர்வை மடித்துவைத்தாள். பட்டைகளை வழக்கத்தைவிட இறுக்கினாள். கதவைச் சாத்தும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்புதான். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்று முழுக்க அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கொழுந்தன் நடுத்தெருவில் வியர்த்து விறுவிறுத்து நிற்பதை நினைத்து நினைத்துப் பாத்திரம் தேய்த்தாள்.

சாயங்காலம் புருஷன் வந்து முகம் கழுவாமலே உட்கார்ந்தார்.

"ஒரு டிரில்லிங் மெஷினை எடுக்க ரம்ப மேஜையையே தெருவுல இறக்க வேண்டியதாப் போச்சு. அரை மணி முடிஞ்சதும் வண்டியை எடுக்கச் சொல்லிட்டாங்க. பாதி சாமான் ரோட்டுல, பாதி வண்டியில. எட்டு அலமாரிதான் பொருத்த முடிஞ்சுது. மீதி வேலையை அந்தத் தலைமையாசிரியம்மா வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"தம்பி என்ன சொன்னாரு?"

"எல்லார் முன்னாடியும் 'எந்த மடையன் அடுக்கினது'ன்னு கத்தினான்." அவர் குரல் தாழ்ந்தது. "கதவைத் திறந்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ கவலைப்படாதே. நான்தான் அடுக்கினேன்னு சொல்லிட்டேன்."

இந்த மனுஷன் அவளைக் காப்பாற்றிவிட்டாராம்! பதினோரு வருஷம் ஒழுங்காகச் செய்ததைத் தம்பி வாங்கிக்கொண்டான். ஒரே ஒருநாள் பழிக்குப் பழியாகச் செய்ததை அண்ணன் வாங்கிக்கொண்டார். அவளுக்கென்று மிஞ்சியது என்ன?

செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். புருஷன் பதறிப் பின்னாலேயே வந்தார்.

கொழுந்தன் ரம்ப மேஜைமேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, இன்னிக்கு வண்டி ஏத்தினது நான்."

அவன் நிமிர்ந்து பார்த்து அலுப்போடு சிரித்தான். "அண்ணனுக்காகப் பழியை நீங்க ஏத்துக்காதீங்க அண்ணி. அவருக்கு அடுக்கத் தெரியலை, விடுங்க."

"டிரில்லிங் மெஷின் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, கைப்பிடி கீழ பார்த்த மாதிரி. அதுக்கு இடதுபக்கம் ரசமட்டம், போர்வையில சுத்தி. டேப் ரெண்டுக்கும் நடுவுல சொருகியிருந்துச்சு. ரம்ப மேஜைக்கு மூணு பட்டை, முடிச்செல்லாம் வண்டிச் சுவர் பக்கம், கை போகாத இடத்துல. அஞ்சு நிமிஷ முடிச்சை அவிழ்க்க உங்களுக்கு அரை மணி ஆகியிருக்கணும். ஆச்சா இல்லையா?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. மேஜையிலிருந்து இறங்கி நின்றான்.

"வேணும்னேவா செஞ்சீங்க?"

"வேணும்னேதான். தெரியாம செஞ்சா இவ்வளவு ஒழுங்கா தப்பு வராது."

அவன் வாயடைத்து நிற்பதை அவள் பார்ப்பது இதுதான் முதல்தடவை. நின்று நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாசலில் நின்ற புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நல்லதோ கெட்டதோ, நான் செஞ்சதை இனிமே நீங்க செஞ்சதா எவன்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். அவர் தலையாட்டும்வரை அங்கேயே நின்றாள்.