ஒரு குரோஸ்

தீக்குச்சி உரசிய வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் கோபம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில், எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம், ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட கோபம் அது.

கணக்குக்கும் அறிவியலுக்கும் அங்கே பல வருடமாக ஆள் இல்லை. அரசாங்கம் போடுகிறபோது போடட்டும் என்று ஊரே கூடி முடிவெடுத்தது. கோவில் கொடைக்கு எடுப்பதுபோல வீட்டுக்கு வீடு வரி. தங்குவதற்கு மாதா கோவிலில் ஓர் அறை. சம்பளத்தில் பெரும்பங்கு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியுடையது; தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அங்கே ஆபீஸ் என்றுதான் பேர். அப்படிக் கூட்டிவந்த வாத்தியார் நான். மாலை போட்டார்கள். கண் கலங்கிப்போனேன்.

முதல் நாள், ஊரார் எல்லாரும் பார்த்திருக்க, எட்டாம் வகுப்பில் கேட்டேன்: "பன்னிரண்டு பன்னிரண்டு எவ்வளவு?"

முன்பெஞ்சுப் பிள்ளை துள்ளி எழுந்தாள். "ஒரு குரோஸ், சார்!"

கூட்டம் சிரித்தது. முதலாளி கைதட்டினார். "நம்ம ஆபீஸ் பிள்ளைல்லா!"

நூற்று நாற்பத்து நான்கு தீப்பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸாம். விளங்காமல் நானும் சிரித்தேன்.

மறுநாள் விளங்கியது. அவள் இடம் காலி. வகுப்பில் பாதி காலி. விடியுமுன்பே ஆபீஸ் வேன் வந்து வேலைக்கு அள்ளிப்போயிருந்தது.

முதலாளியிடம் ஓடினேன். "ஏன் சாரே, வாத்தியாரையும் நான் தரணும், பிள்ளையளையும் நானே தரணுமா?" என்றார், வெற்றிலைச் சிரிப்போடு.

அடுத்த நாள் வேனை மறித்து நின்றேன். மழைக்குக் குழைந்த கரிசல் என் காலைக் கவ்விப் பிடித்தது. அந்த ஊரில் அது ஒன்றுதான் என் பக்கம். ஹார்ன் அலறியது. வாத்தியார் விளையாடுகிறார் என்று உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள்.

சாயங்காலமே ஊர்க்கூட்டம். "மொதலாளி அண்ணாச்சி பங்கு நின்னுட்டா பள்ளியோடத்துக்கு வாத்தியாரே கெடையாது சார். நாங்க வேற ஆள் பாத்துக்கிடுதோம்" என்றார் தலைவர். கூடிக் கொண்டுவந்தவர்களே கூடி அனுப்பினார்கள்.

வாத்தியாரைக் கொண்டுவர ஒன்றுகூடிய ஊர், பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்க ஒன்றுகூடவில்லையே, அது என்ன கூட்டு? இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எனக்குள் அணையவே இல்லை.

மறுநாள் விடிகாலையிலேயே பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன். வேன் வந்து நின்றது. ஜன்னலில் அவள் முகம்.

"நான் தப்பாச் சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போகாதீங்க சார். அடுத்த சார் கேட்டா நூத்தி நாப்பத்தி நாலுன்னே சொல்லுதேன்."