ஏல்டர்வால்ட் பாலமும் ரென்ஸ்காவின் அவசரமும்

ரென்ஸ்காவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பிறந்ததே கப்பலில்தான் என்பதால், காலுக்கடியில் இன்ஜினோடு பிறந்தவள் என்று சொல்லலாம். கால்வாயில் சரக்கு ஏற்றிப் போகும் ஐம்பது மீட்டர் நீளத்து இரும்புக் கப்பல் அது. பெயர் ஃபோராயிட். ‘முன்னே’ என்று அர்த்தம். அவள் அப்பா வைத்த பெயர். மகள் அந்தப் பெயரை இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுவாள் என்று மனுஷன் நினைத்திருக்க மாட்டார்.

க்ரோனிங்கன் பக்கத்துக் கால்வாய்களில் அவளைத் தெரியாத கப்பல்காரர் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் மேல் கடுப்பு உண்டு. நீர்மட்டம் மாறுகிற இடத்தில் கப்பல்களை உள்ளே விட்டு ஏற்றி இறக்கும் மதகு வாசலில் எல்லாரும் வந்த வரிசைப்படி காத்துக் கிடப்பார்கள். இவள் மட்டும் ஓரமாக மூக்கை நுழைத்து உள்ளே போய்விடுவாள். டெர்க் போல்ஹாயிஸ் என்கிற கிழவரிடம் ஒருமுறை இந்த வேலையைக் காட்டினாள். அவர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்து நிமிர்வதற்குள் இவள் கப்பல் மதகுக்குள் நின்றது. அன்றிலிருந்து அவர் எதிரே வந்தாலும் கை தூக்குவதில்லை. கால்வாயில் கை தூக்காமல் கடந்து போவது, கரையில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிற மாதிரி.

இத்தனை ஓடியும், போக வேண்டிய ஒரே இடத்துக்கு மட்டும் அவள் எப்போதும் தாமதமாகத்தான் போனாள். கப்பல்காரர்களின் பிள்ளைகள் ஆறு வயதானதும் கரையில் விடுதியில் தங்கிப் படிப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் வந்து அழைத்துப் போவார்கள். ரென்ஸ்காவோ, இன்னும் ஒரே ஒரு லோடு, அதை இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்பாள். அவள் மகன் யோரித் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு விடுதி வாசலில் நிற்பான். மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய், வாசல் காலியாகி, சமையல்காரம்மா சூப் கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் இவள் மூச்சிரைக்க ஓடி வருவாள். “வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா” என்பாள். பையன் அழுததே இல்லை. ஒரு தடவையாவது அழுதிருந்தால் தேவலை என்று பிற்காலத்தில் அவளுக்குத் தோன்றியது.

அந்த யோரித் இப்போது கரையில் தச்சு வேலை செய்கிறான். மாரிட் என்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். விருந்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, “நம்ம கப்பல்லயே வச்சுக்கலாம்மா. சரக்குக் கிடங்கைக் காலி பண்ணிட்டா நூறு பேர் உக்காரலாம்” என்றான். ரென்ஸ்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“ஆனா ஒண்ணு,” என்றான் மகன். “முன்கூட்டியே வந்துடணும்.”

“நான் என்னிக்குடா...” என்று ஆரம்பித்தவள், “வந்துடறேன்டா” என்று முடித்தாள்.

கடைசி மக்காச்சோளத்தை இறக்கிய கையோடு கிடங்கைக் கழுவ ஆரம்பித்தார்கள். அவளும் கணவன் மென்னோவும் மூலை முடுக்கில் ஒட்டியிருந்த தவிட்டைக் கூடக் கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள். தரைக்கு நீலப் பெயின்ட் அடித்தாள். சுவர் நெடுகச் சின்னச் சின்ன விளக்குகள் தொங்கின. மேஜை, பெஞ்சு, வெள்ளைத் துணி, கல்யாண விருந்துக்கென்று பிராந்தியில் ஊறவைத்த திராட்சை ஜாடிகள் எல்லாம் உள்ளே இறங்கின. அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கிடங்கு இத்தனை அழகாக இருந்ததில்லை.

கல்யாணம் ஸெய்ல்மொண்ட் ஊரில், வெள்ளிக்கிழமை பிற்பகல். வழியில் இருந்தது ஏல்டர்வால்ட் பாலம்.

குளிர்காலத்தில் ஏதோ ஒரு கப்பல் இடித்ததிலிருந்து அந்தத் தூக்குப் பாலத்தைத் தூக்குவதில்லை. பழுது பார்ப்பதற்காக அடியில் சாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதனால் ஒரு வழிதான் திறந்திருந்தது. அந்தப் பக்கம் போகிற கப்பல்கள் கொஞ்ச நேரம், இந்தப் பக்கம் வருகிற கப்பல்கள் கொஞ்ச நேரம், கூட்டமாகத்தான் விடுவார்கள். முந்தக் கூடாது, அலை எழுப்பக் கூடாது, ஆமை வேகத்தில் போக வேண்டும். உயரம் சாரத்துக்குக் கீழே அடங்காத கப்பலுக்கு அனுமதியே இல்லை. ஒவ்வொரு விதியும் ரென்ஸ்காவுக்கென்றே தனியாக உட்கார்ந்து யோசித்து எழுதின மாதிரி இருந்தது.

ஆனாலும் அவள் கவலைப்படவில்லை. போன வாரம்தான் அதே சாரத்தின் கீழே புகுந்து வந்திருந்தாள். காலையிலேயே வரிசையில் சேர்ந்துகொண்டு, ரேடியோவில் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தன் கப்பலின் உயரத்தைச் சொன்னாள். எதிர்ப் பக்கத்துக் கப்பல்கள் வந்து முடிந்ததும் இவர்கள் முறை. ஓட்டும் அறைக்கும் முன் தளத்துக்கும் நடையாய் நடந்தாள். காபியை ஊற்றினாள், குடிக்காமலே கீழே வைத்தாள்.

“செத்த நேரம் உக்காரேன்,” என்றான் மென்னோ. “நீ நடந்தா பாலம் ரிப்பேர் ஆயிடுமா?”

“நீ உக்காந்தா ஆயிடுமா?”

மென்னோ முன் தளத்துக்குப் போனான். போனவன் அங்கேயே நின்றான். கப்பலின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு அளவுக்கோலை எடுத்து, கிடங்கை மூடியிருந்த இரும்பு மூடியின் உச்சியிலிருந்து தண்ணீர் வரை அளந்தான். மறுபடியும் அளந்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

“ரென்ஸ்கா, போன வாரம் நாம என்ன ஏத்திட்டுப் போனோம்?”

“மக்காச்சோளம்.”

“இப்ப என்ன ஏத்தியிருக்கோம்?”

சொல்ல வாயெடுத்தவள் கிடங்கைத் திரும்பிப் பார்த்தாள். மேஜையும் பெஞ்சும் ஒரு கப்பலுக்குப் பாரமா? போன வாரம் நிறை பாரத்தோடு தண்ணீரில் அமுங்கிப் போன கப்பல், இப்போது காலியாகி, பளபளவென்று கழுவித் துடைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிதக்கிறது. பாரத்தோடு போன உயரத்தையே அவள் ரேடியோவில் ஒப்பித்திருந்தாள். முதல் முதலாகக் கப்பல் ஓட்ட வருகிறவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. ஏற்றி இறக்கும்படி அமைத்திருந்த ஓட்டும் அறையை முன்னமே கீழே இறக்கியாயிற்று. அப்படியும் மூடிகள் சாரத்தைவிட ஒரு சாண் மேலே நின்றன.

நிலையத்துக்கு உண்மையைச் சொன்னாள். “அப்ப நீங்க வர முடியாதும்மா,” என்றது ரேடியோவில் ஓர் இளம் குரல். “சாரத்துல ஆளுங்க வேலை செய்யறாங்க.”

“இன்னிக்கு என் பையனுக்குக் கல்யாணம்.”

“வாழ்த்துக்கள்மா. உயரம் குறைஞ்சா சொல்லுங்க.”

உயரத்தைக் குறைக்க வழி இருந்தது. எல்லாரும் செய்கிற வழிதான். காலிக் கப்பலைத் தாழ்த்த வேண்டுமென்றால் கிடங்கில் தண்ணீரை விட வேண்டும், அவ்வளவே. முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். அந்த நீலத் தரையில், அந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவில்.

ரென்ஸ்கா ஏணியில் இறங்கிக் கிடங்குக்குள் போய் நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. இந்த முறையில் போகாவிட்டால் அடுத்த முறை சாயங்காலம். பையன் கரையில் நின்றுகொண்டு கால்வாயின் வளைவையே பார்த்துக்கொண்டிருப்பது கண் முன்னே தெரிந்தது. பெரியவனாக, கோட்டு சூட்டோடு, காலடியில் மட்டும் அந்தப் பழைய பை.

மேஜைகளை எங்கே வைப்பது? சொந்த மூடிகளின் மேல் வைத்தால் உயரம் இன்னும் கூடும். கரையில் இறக்கினால் விருந்தை எதில் வைப்பது? பக்கத்தில் மணல் ஏற்றிய கப்பல் ஒன்று, தண்ணீர் மட்டத்துக்கு அமுங்கி, தட்டையான மூடிகளோடு நின்றுகொண்டிருந்தது. நூறு மேஜை வைக்கலாம். அது டெர்க் போல்ஹாயிஸின் கப்பல்.

ரென்ஸ்கா முன் தளத்தில் நின்று, “டெர்க்!” என்று கத்தினாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

கிழவர் வெளியே வந்தார். “என்ன அம்மணி, வழி கேக்கறியா? நீ கேட்டுப் பழக்கம் இல்லையே.”

அவள் விஷயத்தைச் சொன்னாள். மக்காச்சோளத்தையும் மறைக்கவில்லை. டெர்க் கேட்டுக்கொண்டே அவள் கப்பலை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் உதடு துடித்தது.

“காலிக் கப்பலுக்கு நிறை உயரம் சொன்னியா? நீயா? ஏ மார்டா, இங்க வா, இதைக் கேளு!” என்று உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். வரிசையில் பின்னால் நின்ற கப்பல்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். ரென்ஸ்கா சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றாள். வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள்.

“வை மேஜையை,” என்றார் டெர்க் கடைசியில். “ஆனா ஒரு கண்டிஷன். நீ எனக்குப் பின்னால வரணும். எனக்கு மட்டும் இல்ல, இந்த வரிசையில நிக்கிற எல்லாருக்கும் பின்னால. கடைசியா.”

“வரேன்.”

“சத்தமாச் சொல்லு. காது மந்தம்.”

“கடைசியா வரேன்!”

வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பிறகு எல்லாருமே வந்தார்கள். மேஜைகளும் பெஞ்சுகளும் கைக்குக் கை மாறி ஏறின. திராட்சை ஜாடிகளை மார்டா குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். கிடங்கு காலியானதும் மென்னோ பம்பின் பக்கம் போனான். ரென்ஸ்கா அவனை விலக்கிவிட்டுத் தானே பம்பைப் போட்டாள். பழுப்புத் தண்ணீர் நீலத் தரையில் பரவியது. பார்க்கச் சகிக்காமல் மேலே வந்துவிட்டாள்.

அளந்தார்கள். சாரத்துக்குக் கீழே நாலு விரல் இடம் இருந்தது. நிலையத்துக்குச் சொன்னார்கள். எதிர்ப் பக்கத்துக் கடைசிக் கப்பல் வந்து சேர்ந்ததும் இவர்களுக்கு வழி விட்டார்கள்.

கடைசியாகப் போவது எப்படியிருக்கும் என்று ரென்ஸ்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. முன்னால் போகிறவன் மெதுவாகப் போனால் நாமும் மெதுவாகப் போக வேண்டும். வேறு வழியே இல்லை.  வேகத்தைக் கூட்டத் துடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். சாரம் தலைக்கு மேலே ஊர்ந்து போனது. அதில் நின்ற வேலைக்காரர் ஒருவர் குனிந்து, கப்பல் மூடியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுச் சிரித்தார். பாலம் தாண்டியதும் மென்னோ பம்பைத் திருப்பிப் போட்டு, தண்ணீரை வெளியே இறைக்க ஆரம்பித்தான். முந்துவதற்கு இடம் இருந்தது. டெர்க் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முந்தவில்லை.

மற்ற கப்பல்கள் தங்கள் வழியில் பிரிந்து போய்விட, டெர்க்கும் அவளும் ஸெய்ல்மொண்ட் துறைக்கு வந்தபோது கரையில் ஒரே ஓர் ஆள் நின்றிருந்தான். கறுப்புக் கோட்டு, அதன் பொத்தான் துளையில் வெள்ளைப் பூ.

“வந்துட்டேன்டா! வந்துட்டேன்டா!” என்று பழக்க தோஷத்தில் கத்தினாள்.

“பாத்துட்டுத்தான்மா நிக்கிறேன். யாருக்கோ பின்னாடி வரவும், இது நம்ம கப்பல் இல்லைன்னுல்ல நெனச்சேன்.”

“கிடங்குல தண்ணி இன்னும் கணுக்கால் அளவு நிக்குதுடா. தரை பூரா சேறு. எல்லாம் பாழாப் போச்சு. ரொம்ப லேட்டாயிடுச்சா? எல்லாரும் வந்துட்டாங்களா?”

யோரித் வெறிச்சோடிக் கிடந்த கரையைத் திரும்பிப் பார்த்தான். கயிற்றுக்காகக் கை நீட்டினான்.

“இன்னும் யாருமே வரலம்மா,” என்றான். “நீதான் முதல்ல வந்திருக்கே.”

ரென்ஸ்கா கயிற்றை எறிந்தாள். எறிந்த இடத்திலேயே, முன் தளத்தில், ஈரக் கால்களோடு உட்கார்ந்தாள். கிடங்கிலிருந்து பம்பு தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. டெர்க் அடுத்த கப்பலிலிருந்து மேஜையைப் பிடிக்க ஆள் கேட்டுக் கத்தினார். மென்னோவும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை.