நட்சத்திரம் வாங்கிய முகாம்

வெள்ளம் வந்தால் எங்கே ஒதுங்குவது என்று மக்களையே கேட்டுவிடலாமே என நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. செல்போனில் ஒரு ஆப். கட்டடத்தைக் குறித்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும். அதிக நட்சத்திரம் வாங்கியதே முகாம். இனி அதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "மண்டைன்னு ஒண்ணு இருந்தாத்தானே உடையும்" என்றார் பம்ப்காரர்.

சாக்கடை பம்ப் அறையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவில் தண்ணீர் முழங்கால், எங்கே கழுத்து என்பது அவருக்கு அத்துப்படி. ஊரோ பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் விழா மண்டபத்துக்கு நட்சத்திரங்களை அள்ளி இறைத்திருந்தது. ‘பார்க்கிங் சூப்பர்.’ ‘ஏசி குளுகுளு.’ ‘செல்ஃபிக்கு ஏத்த இடம்.’ மண்டபத்து ஜெனரேட்டர் தரைக்குக் கீழே இருக்கிறது, தண்ணீர் முதலில் இறங்குவதே அங்கேதான் என்று எழுத ஒரு புண்ணியவானுக்கும் கை வரவில்லை.

பம்ப்காரரின் மனைவி மூச்சு விடுவது ஆக்சிஜன் மெஷினில். கரண்ட் போனால் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் கணக்குப் போட அவருக்குத் தெம்பில்லை.

மேட்டுத் தெருவில் மூடிக் கிடந்த அச்சகத்தில் ஜெனரேட்டர் இரண்டாம் மாடியிலேயே இருந்தது. அதைத்தான் அவர் ஆப்பில் குறித்திருந்தார். அந்தக் குறிப்புக்குக் கீழே ஒருவர் ‘மை நாத்தம்’ என்று காறித் துப்பியிருந்தார்.

அதிகாரியிடம் போனார்.

"மக்கள் தீர்ப்பு, பெரியவரே. மாத்த நான் யாரு?"

"தண்ணியையும் ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

வீட்டுக்கு வந்து மகளை உட்கார வைத்தார். "எழுதும்மா. இலவச வைஃபை. ஆளுக்கொரு சார்ஜ் பாயின்ட். மாடியில வியூ பிரமாதம்."

"அப்பா, அத்தனையும் பொய்!"

"ஜெனரேட்டர் மாடியில இருக்குன்னு உண்மையத்தான் முதல்ல எழுதினேன். எவன் படிச்சான்?"

பத்தே நாளில், அச்சகம் இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்காத அறுநூறு பேர் ‘போயிருக்கேன், செம’ என்று சாட்சி சொன்னார்கள். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதமே வெள்ளம். மண்டபத்து ஜெனரேட்டர் முதல் மணி நேரத்திலேயே முழுகிப்போனது. அச்சக மாடியில் ஊரே காய்ந்த தரையில் உட்கார்ந்திருந்தது, போனை ஆட்டி ஆட்டி.

"ஏங்க, வைஃபை எங்கேங்க? சுத்த ஏமாத்து வேலை! இதுக்குப் போய் அஞ்சு ஸ்டார் போட்டேனே" என்று கத்தினார் பக்கத்து வீட்டுக்காரர்.

பம்ப்காரர் மெஷின் பிளக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"திட்டுறதுன்னா ஆப்ல போய்த் திட்டுங்க. இவ இப்பத்தான் தூங்குறா."